குழாய்க் கூட்டத்தில் நான் விட்ட வரி

எனக்கு இருபத்திரண்டு வயதாகியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பள்ளிக்கூட மண்டபம் நிறைந்த கூட்டத்தின் முன்னால் நின்று, என் அப்பா ஊரை ஏமாற்றிவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டி வந்தது. குற்றச்சாட்டு வேறொரு பெண்ணுடையது. அதை மொழிபெயர்த்துச் சொல்வது என் வேலை. அந்த வேலையை முதலில் நான் சரியாகச் செய்யவில்லை. அதனால்தான் அந்தக் காலை இன்றும் என் மனத்தை அறுத்துக்கொண்டிருக்கிறது.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. நகரசபைத் தேர்தல் முடிந்திருந்தது. எங்கள் பக்கத்து ஆட்களில் பலர் அந்தத் தேர்தலில்தான் முதன்முதலாக ஓட்டுப் போட்டிருந்தார்கள். புதிதாகச் சபைக்கு வந்தவர்கள், வட்டாரம் வட்டாரமாகக் கூட்டம் போட்டுக் குறை கேட்போம், அவரவர் மொழியிலேயே பேசலாம் என்று சொன்னார்கள். அதுவரை சபைக்கு ஒன்று தெரிவிக்க வேண்டுமானால் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டும். தேக்கா வட்டாரத்தில் எங்கள் சந்துக்காரர்கள் தேடி வந்தது என் அப்பாவை.

சந்து முனையில் அப்பாவுக்கு ஒரு மில் இருந்தது. மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் அரைத்துக் கொடுப்போம். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் மலாய் தண்ணீர்பட்ட பாடு. சாக்கடை பார்க்கவோ கொசு மருந்து அடிக்கவோ அதிகாரி யாராவது வந்தால், நேராக மில்லுக்குத்தான் வருவார். தும்மிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து, "ஜனங்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று மலாயில் கேட்பார். அப்பா பதில் சொல்வார். சந்துக்குள் தகரக்கூரை வீடுகளில் இருந்த நாற்பது ஐம்பது குடும்பங்களின் வாயாக அப்பா இருந்தார். யாரும் அவரை அதற்கு நியமிக்கவில்லை. வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்த வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு தெருக்குழாய். அது எங்கள் மில்லின் பக்கச்சுவரை ஒட்டி இருந்தது. விடியற்காலையிலிருந்து மண்ணெண்ணெய் டின்களும் வாளிகளும் வரிசையில் இருக்கும். வரிசை என்றால் சண்டையும் இருக்கும். சிந்துகிற தண்ணீர் கடைகளின் முன்நடையான அஞ்சடியில் ஓடி மில் வாசலில் தேங்கும். சுவர் ஓதம் ஏறி, அடுக்கி வைத்த மல்லி மூட்டைகள் ஒரு தடவை அடியில் பூசணம் பூத்துப் போயின. அப்பா அந்தக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். நான் அப்போது தமிழ்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை வரை ஆங்கிலத்தில் படித்தவள் என்பதில் அவருக்குப் பெருமை.

"ஒரு மனு எழுதணும்மா. நம்ம சந்துல வெளக்கே கெடையாது. பொம்பளைங்க இருட்டுல நடக்கறாங்க. ரெண்டு வெளக்கு போடச் சொல்லி எழுது."

எழுதினேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியே, குழாயையும் வேற எடத்துக்கு மாத்தறதுல எங்களுக்கு ஒண்ணும் இல்லேன்னு ஒரு வரி சேத்துக்க."

"எந்த எடத்துக்குப்பா?"

"அத அவங்க பாத்துப்பாங்க."

குழாயைச் சபை பொருத்தமெனக் கருதும் வேறோர் இடத்துக்கு மாற்றுவதில், கீழே ஒப்பமிட்டுள்ள குடியிருப்பாளர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதினேன். நல்ல வாக்கியமாக அமைந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்கூட. மறுநாள் அப்பா மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கைநாட்டு வாங்கி வந்தார். பலருடைய பெருவிரலில் மஞ்சளோ கரியோ இருந்திருக்கிறது. காகிதத்தில் அதுவும் சேர்ந்து பதிந்திருந்தது.

"எல்லாருக்கும் படிச்சுக் காட்டினீங்களாப்பா?"

"வெளக்கு வரப்போவுதுன்னு சொன்னேன். சந்தோஷமா வெச்சாங்க."

நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று அப்போதே எனக்குத் தெரியும். கேட்டால் அவர் முகம் எப்படி மாறும் என்பதும் தெரியும்.

சில மாதங்கள் கழிந்தும் விளக்கு வரவில்லை. கடப்பாரையோடு நாலு ஆட்கள் வந்தார்கள். குழாயைப் பெயர்த்து சிராங்கூன் சாலைக்கு அந்தப்புறம், மார்க்கெட் பக்கமாக வைக்கப் போவதாகச் சொன்னார்கள். பஸ்ஸும் லாரியும் மாட்டுவண்டியும் ஓடுகிற சாலையை, நிறைந்த டின்னோடு தினமும் பத்துத் தடவை தாண்ட வேண்டும். பெண்கள் ஓடிப் போய்க் குழாய் மேடையில் உட்கார்ந்துகொண்டார்கள். முதலில் உட்கார்ந்தவர், சாக்குக் கிடங்கில் கிழிந்த சாக்குத் தைக்கிற ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். நாலு பிள்ளைகள். அப்போது ஐந்தாவதைச் சுமந்துகொண்டிருந்தார். கடப்பாரைக்காரர்களும் தமிழர்கள்தான். கர்ப்பிணியை எழுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. மேலதிகாரியைக் கேட்டு வருகிறோம் என்று போய்விட்டார்கள். மூன்று நாள் அந்தப் பெண்கள் முறை வைத்து மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். அதன்பிறகுதான் சபை கூட்டம் போட்டது.

எங்கள் தலைமையாசிரியை என் பெயரை மொழிபெயர்ப்பாளர் வேலைக்குச் சிபாரிசு செய்திருந்தார். இரண்டு வட்டாரக் கூட்டங்களில் நான் அதற்குள் மொழிபெயர்த்திருந்தேன். மூன்றாவது எங்கள் சந்து. அப்பா சம்பந்தப்பட்ட விஷயம், நான் வேண்டாம் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

அன்று காலை அப்பா வெளுத்த வேட்டியும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியை யாரும் அவருக்கு ஒதுக்கவில்லை. ஆனால் வேறு யாரும் அதில் உட்காரவும் இல்லை. மேடையில் மூன்று பேர். நடுவில் எங்கள் வட்டாரத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர், சட்டைக்கையை மடித்துவிட்ட சீன இளைஞர். அவர்தான் தலைவர். அவருக்கு வலப்புறம் வெள்ளைக்காரப் பொறியாளர், பின்னால் ஒரு வரைபடத்தைத் தொங்கவிட்டிருந்தார். இடப்புறம் நான். மின்விசிறி சுற்றியும் எனக்கு முதுகு வேர்த்தது.

பொறியாளர் முதலில் பேசினார். குறுகலான இடம், நோய் பரவும், சாலை அகலப்படுத்த வேண்டும் என்றார். பிறகு ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டி, "குடியிருப்பாளர்களே எழுத்துமூலம் சம்மதித்திருக்கிறார்கள்" என்றார். என் கையெழுத்தை அங்கிருந்தே எனக்கு அடையாளம் தெரிந்தது. அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. "யார் சம்மதிச்சா?" என்று ஒருவர் கத்தினார்.

சாக்குத் தைக்கும் பெண் எழுந்தார். ஒரு கை வயிற்றுக்கு அடியில், ஒரு கை முன்பெஞ்சின் மேல். யாரையும் பார்க்காமல் அந்த வரைபடத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஐயா, எனக்குப் படிப்பு கெடையாது. அந்தப் படத்துல எங்க வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா விடியறதுக்குள்ள பத்து டின்னு தண்ணி வேணும்னு தெரியும். ரோட்டத் தாண்டி எப்படித் தூக்குவேன்? புள்ளைங்கள அனுப்பினா லாரியில அடிபட்டுச் சாவும். சம்மதம் சம்மதம்ங்கறீங்க. மில்லுக்கார முதலாளி வந்தாரு. வெளக்கு வரப்போவுது, இதுல கைநாட்டு வையின்னாரு. வெச்சோம். கொழாயப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. எங்க விரல வாங்கிட்டுப் போயி எங்க தண்ணியப் புடுங்கிட்டாரு. இது ஏமாத்து இல்லையா? பெரிய மனுசன் செய்யற காரியமா? இத அப்படியே சொல்லுங்க டீச்சரம்மா."

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன். பத்து டின் தண்ணீரைச் சொன்னேன். சாலையைச் சொன்னேன். குழந்தைகளைச் சொன்னேன். பிறகு, "காகிதத்தில் இருந்தது முழுவதும் அவர்களுக்குப் புரிந்திருக்கவில்லை என்று இவர் தெரிவிக்கிறார்" என்று ஆங்கிலத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

தலைவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். அந்தப் பெண் உட்காரவில்லை.

"மிச்சம் எங்க?" என்றார் என்னிடம்.

"சொல்லிட்டேன்க்கா."

"நான் இம்மாம் நேரம் பேசினேன். நீ ரெண்டு வார்த்தையில முடிச்சிட்ட. மில்லுன்னு நான் சொன்னேன். நீ சொன்னதுல மில்லுங்கற சத்தமே வரலியே. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மில்லு தெரியாதா?"

இப்படி ஒருவர் கவனிப்பார் என்று நான் எண்ணியே பார்த்ததில்லை. 'மில்' தமிழிலும் அதே சத்தம்தானே. பின்பக்கமிருந்து, "அவரு மவதானே, எப்படிச் சொல்லுவா!" என்று ஒரு குரல். அதோடு ஆளுக்கு ஆள் எழுந்துவிட்டார்கள். பெஞ்சுகள் தரையில் உரசின. யாரோ மேடையை நோக்கி வந்தார். தலைவர் "டுடோக்! டுடோக்!" என்று உட்காரச் சொல்லி மேசையைத் தட்டினார். யாரும் உட்காரவில்லை.

அவர் என் பக்கம் திரும்பி, "என்ன நடக்கிறது? எதையாவது விட்டுவிட்டீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் முன்னால் இருந்த குறிப்புத் தாளைத் திருப்பினேன்.

கடைசி பெஞ்சில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார். ரயில்வேயில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். அவர் எழுந்ததும் சத்தம் கொஞ்சம் அடங்கியது. முதலில் தலைவரிடம் ஆங்கிலத்தில், "ஐயா, மொழிபெயர்ப்பில் முக்கியமான ஒரு பகுதி விடுபட்டுவிட்டது" என்றார். பிறகு என்னிடம் தமிழில் சொன்னார்:

"பிள்ளை, நான் எழும்பிச் சொல்லலாம். ஆனா அது உம்முடைய வேலை. அந்த மனுசி சொன்னதை நீரே முழுக்கச் சொல்லும்."

அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாதே என்றும் இல்லை, சொல் என்றும் இல்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல் இருந்தது.

எழுந்தேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். விளக்கு, கைநாட்டு, குழாயைப் பற்றிச் சொல்லாமல் மறைத்தது, விரலை வாங்கித் தண்ணீரைப் பிடுங்கியது, ஏமாற்று, பெரிய மனிதன் செய்கிற காரியமா என்ற கேள்வி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். 'மில் உரிமையாளர்' என்று வந்த இடத்தில் அந்தப் பெண் தலையை ஒருமுறை ஆட்டினார். தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

உட்கார்ந்திருக்கலாம். என் வேலை அதோடு முடிந்தது. ஆனால் பொறியாளரின் கையில் அந்தக் காகிதம் இன்னும் இருந்தது.

"இன்னொன்று சொல்ல வேண்டும்" என்றேன்.

"யார் சொல்கிறார்கள், அவரா?" என்றார் தலைவர்.

"இல்லை. நான். அந்த மனுவை எழுதியவள் நான்தான். குழாயைப் பற்றிய வரி அதில் இருப்பது எனக்குத் தெரியும். அதைச் சந்தில் யாருக்கும் படித்துக் காட்டவில்லை என்பதும் தெரியும். மில்லுக்காரர் என் தகப்பனார்."

அதையே தமிழிலும் சொன்னேன். தமிழில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. சாக்குத் தைக்கும் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தலைவர் அப்பாவைப் பார்த்து, இது உண்மையா என்று மலாயில் கேட்டார். அப்பா எழுந்தார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"இத்தன வருசமா இந்தச் சந்துக்கு யார் பேசினா? சாக்கட அடச்சப்ப யார் போனா? உங்க புள்ளைக்குப் பொறப்புப் பத்திரம் யார் வாங்கிக் குடுத்தா? நான் உங்களுக்குக் கெடுதல் நெனைப்பேனா?"

"நெனைக்கலங்க முதலாளி," என்றார் ஒரு வயதான துறைமுகக் கூலி. அவர் குரலில் மரியாதை குறையவே இல்லை. "நீங்க நல்லதுதான் செஞ்சீங்க. ஆனா எங்களக் கேக்கலீங்க. கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்போம்."

அப்பா துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தார். வழிவிட்டார்கள்.

அந்த மனு செல்லாது என்று தலைவர் அறிவித்தார். பொறியாளர் ஒத்துக்கொள்ளவில்லை. கூச்சல் போடுகிறவர்களில் யார் அந்தச் சந்துக்காரர், யார் வேடிக்கை பார்க்க வந்தவர் என்று எப்படித் தெரியும் என்றார். அது நியாயமான கேள்விதான். கடைசியில், வீடு வீடாகப் போய் ஒவ்வொரு குடும்பத்தையும் அவரவர் மொழியில் கேட்டு எழுதிக்கொண்டு வருவது என்று முடிவானது. என்னை அந்த வேலையிலிருந்து அங்கேயே விலக்கினார்கள். ஓய்வுபெற்ற எழுத்தரும், அவரோடு சாக்குத் தைக்கும் பெண்ணும் போவதென்று ஏற்பாடு. அந்தப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியாது என்று பொறியாளர் சொன்னதற்கு, "அந்த ஐயா எழுதிக்கட்டும், ஜனங்க சொன்னத சரியாச் சொல்றாரான்னு நான் பாத்துக்கறேன்" என்றார் அந்தப் பெண். நான் மொழிபெயர்த்த கடைசி வாக்கியம் அது.

வீட்டில் அடுத்த ஐந்து வாரங்கள் எப்படிப் போயின என்று விவரிக்க எனக்கு விருப்பமில்லை. அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் தூது போனாள். "அப்பா ஒன்னய சாப்பிடச் சொல்றாரு" என்பாள். அவர் சொல்லியிருக்க மாட்டார். மில்லுக்குச் சந்துப் பெண்கள் அரைக்க வருவது குறைந்தது. ஒருநாள் மத்தியானம் மில்லில் இயந்திரம் ஓடாமல் அப்பா சும்மா உட்கார்ந்திருந்ததைப் பள்ளியிலிருந்து வரும் வழியில் பார்த்தேன். உள்ளே போகத் துணிச்சல் வரவில்லை. நான் செய்தது சரிதான் என்று ஒரு மனம் சொன்னது. முதலிலேயே மனு எழுதும்போது மறுத்திருந்தால் இரண்டு பேர் மானமும் தப்பியிருக்குமே என்று இன்னொரு மனம் இடித்தது.

வீட்டுக் கணக்கெடுப்பு முடிந்து இரண்டாவது கூட்டம் வந்தது. நான் கூட்டத்தோடு கூட்டமாகப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேடையில் வேறொரு மொழிபெயர்ப்பாளர், குரல் கணீரென்று இருந்த ஓர் இளைஞர். மூன்று வீடுகளைத் தவிர மற்ற எல்லாரும் குழாய் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார்கள். சபை அதை ஏற்றது. இனி சந்தில் எதையாவது மாற்றுவதானால் கேட்பதற்கென்று ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். கைதூக்கித் தேர்ந்தெடுத்தோம். அப்பாவின் பெயரை ஒருவர் முன்மொழிந்தார். எட்டோ ஒன்பதோ கைகள்தான் உயர்ந்தன. அதில் என் கையும் உண்டா என்று பலர் திரும்பிப் பார்த்தார்கள். நான் தூக்கவில்லை. சாக்குத் தைக்கும் பெண்ணுக்கு மண்டபம் முழுக்கக் கை உயர்ந்தது.

அப்பா வந்திருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பின்னால், கதவோரம் நின்றிருந்தார். யாருக்காவது வேறு குறை உண்டா என்று தலைவர் கேட்டபோது, அவர் கையைத் தூக்கினார். அவருக்கு முன்னால் நாலு பேர் தூக்கியிருந்தார்கள். தலைவர் அவர்களை ஒவ்வொருவராக அழைத்தார். அப்பா கையை இறக்காமல் நின்றார். அவர் எங்கேயும் தன் முறைக்காகக் காத்திருந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மறுபடி சண்டைதான் வரப் போகிறது என்று நினைத்தேன்.

முறை வந்தது.

"கொழாய் இருக்கட்டும்," என்றார். "தண்ணி தேங்கி என் செவுரு இத்துப் போவுது. மேடைய ஒசத்தி, ஒரு கால்வா வெட்டி சாக்கடையில விடணும். இது என் கொறை. யார் சார்புலயும் பேசல."

சாக்குத் தைக்கும் பெண் எழுந்தார். அவருக்குக் குழந்தை பிறக்கிற நாள் நெருங்கியிருந்தது. அந்த ஐவரில் ஒருவராக அவர் பேசிய முதல் பேச்சு அது.

"கால்வா வெட்டினா எங்களுக்கும் நல்லதுதான். வழுக்காது. போடட்டும்," என்றார்.

அப்பா உட்காரவில்லை. "இன்னொண்ணு. போன கூட்டத்துல எம்மவ, மனு எழுதினது நாந்தான்னு சொன்னா. நான் சொல்லித்தான் எழுதினா. அவ மேல தப்பு இல்ல. அத எழுதிக்குங்க."

இளைஞர் அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். தலைவர் எழுதிக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த பெண் என் முழங்கையை மெதுவாக இடித்து, "போ, ஒங்கப்பா கெளம்பறாரு" என்றாள்.

குழாய் மேடையை உயர்த்தி அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் கால்வாய் வெட்டினார்கள். விளக்குக்காக அந்த ஐவரும் நாலு தடவை அலைந்தார்கள். நகரசபையே பிறகு இல்லாமல் போனது. அறுபதுகளில் அந்த வீடுகளையும் இடித்துக் குடும்பங்களை மாடி வீடுகளுக்கு அனுப்பினார்கள். அப்போது எங்களைக் கேட்டார்களா என்றால், அது வேறு கதை.

அந்த இரண்டாவது கூட்டத்தன்று மண்டபத்திலிருந்து வெளியே ஓடி வந்தபோது, அப்பா சிராங்கூன் சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். சாலையில் வண்டியே இல்லை. எப்போதோ தாண்டியிருக்கலாம். நான் பக்கத்தில் போய் நின்றதும், "வா" என்றார்.